தியான மடத்தில் முதல் நாட்கள்: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அடைபட்ட மடத்தில், அதாவது கத்தோலிக்கப் பெண் துறவிகள் வெளியுலகோடு கலக்காமல் வாழும் மடத்தில், சில நாட்கள் தங்கிச் செபிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே எதிர்பார்ப்போடுதான் போகிறார்கள். தனிமை வேண்டும், அமைதி வேண்டும், யாருடைய தொந்தரவும் இல்லாமல் கடவுளோடு இருக்க வேண்டும். அமைதி நிச்சயம் கிடைக்கும். ஆனால் அங்கே வாழ்கிற சகோதரிகள் நாள் முழுவதும் ஒருவரோடு ஒருவர் பிணைந்தே வாழ்கிறார்கள். ஒரே மணிக்கு எழுந்து, ஒரே திருப்பாடலை (விவிலியத்தின் சங்கீதத்தை)ப் பாடி, ஒரே மேசையில் உண்டு, அதே முகங்களை 40, 50 ஆண்டுகள் பார்க்கிறார்கள். அவர்களுடைய செபத்தைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அவர்களுடைய கூட்டுவாழ்வையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் வராது.

போவதற்கு முன்

முதலில், எந்தச் சபை என்று பாருங்கள். தியான வாழ்வு வாழும் சபைகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. அவிலா புனித தெரேசா 1562இல் சீர்திருத்தித் தொடங்கிய கார்மேல் மடங்களில் மௌனத் தியானத்துக்கு நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கிளாரா சபையில் ஏழ்மையும் உடன்பிறப்பு உறவும் உயிர்நாடி. ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபையிலும் அதன் வழிவந்த சிஸ்டர்சியன் சபையிலும் பாடி ஆற்றும் வழிபாடுதான் நாளின் முதுகெலும்பு. சாமிநாதர் (டோமினிக்) சபையின் அடைபட்ட மடங்கள் படிப்பை நேசிக்கின்றன. கார்த்தூசியச் சகோதரிகள் நள்ளிரவில் எழுந்து நீண்ட வழிபாடு நடத்துகிறார்கள். அங்கே தனிமைதான் விதி, விருந்தினர் தங்குவது எளிதல்ல. தொடக்கக்காரர்களுக்கு விருந்தினர் இல்லம் உள்ள ஆசீர்வாதப்பர் மடமே பொருத்தம் என்பது என் கருத்து. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்று அச்சபையின் ஒழுங்கே, அதாவது வாழ்க்கை விதிநூலே, சொல்கிறது. வழிபாட்டில் கலந்துகொள்ளவும் அங்கே எளிதாக இடம் கிடைக்கும்.

அடுத்து, கடிதம் எழுதுங்கள். யார் நீங்கள், எந்தப் பங்கைச் சேர்ந்தவர், எத்தனை நாள் தங்க விருப்பம், செபத்துக்காக மட்டுமா அல்லது துறவியாகும் இறை அழைத்தலைப் பற்றி யோசிக்கிறீர்களா என்பதை நேராகச் சொன்னால் போதும். உணவுக் கட்டுப்பாடோ மருந்தோ இருந்தால் மறைக்காமல் எழுதிவிடுங்கள். பங்குத்தந்தையின் கடிதம் கேட்கப்படலாம். தங்குவதற்கு என்ன தர வேண்டும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். காணிக்கையாக இயன்றதைத் தரச் சொல்லும் மடங்கள் உண்டு, ஒரு தொகை குறிப்பிடும் மடங்களும் உண்டு. பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். கடிதம் பார்ப்பதற்கும் அங்கே நேரம் குறிக்கப்பட்டிருக்கும்.

பையில் திருவிவிலியம், மருந்து, எளிய உடை, சத்தம் எழுப்பாத செருப்பு, ஒரு சாதாரணக் கைக்கடிகாரம். செருப்பைப் பற்றிச் சொல்வது சின்ன விஷயமாகத் தோன்றும். மௌனமான நடைபாதையில் குதிகாலணியின் ஓசை என்ன செய்யும் என்பது முதல் காலையிலேயே தெரிந்துவிடும். கடிகாரம் எதற்கென்றால், கைப்பேசியை மணி பார்ப்பதற்காக எடுத்தால் அதோடு நிற்காது.

வாசலில்

அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். செபநேரமாக இருந்தால் யாரும் உடனே வர மாட்டார்கள். பல மடங்களில் சுவரோடு பதிந்த ஒரு சுழல் பெட்டி இருக்கும். பொருளை வைத்துத் திருப்பினால் அது உள்பக்கம் போய்விடும், முகம் பார்க்கத் தேவையில்லை. சந்திப்பு அறையில் நடுவே கம்பிக் கிராதி இருக்கலாம், வெறும் மேசை மட்டும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் அவர்கள் பக்கத்துக்கு நாம் போவதில்லை.

அடைப்பு என்பது இரு பக்கமும் செல்லும் விதி. தக்க காரணமின்றி அவர்கள் வெளியே வருவதில்லை, நாம் உள்ளே போவதில்லை. எல்லாப் பெண் துறவிகளுக்கும் அடைப்பு கட்டாயம் என்று திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் 1298இல் சட்டம் இயற்றினார். இன்று அது ஒரே மாதிரி இல்லை. முழுத் தியான மடங்களுக்குத் திருத்தந்தையின் சட்டப்படி அமைந்த அடைப்பு, மற்றவற்றுக்கு அவரவர் சபைச் சட்டத்தின்படி அமைந்த அடைப்பு என்று வகைகள் உள்ளன. மருத்துவரிடம் போகிறார்கள், வாக்களிக்கிறார்கள், தேவை என்றால் பயணமும் செய்கிறார்கள். எனவே, "வெளியே வரவே முடியாதா?" என்று முதல் சந்திப்பிலேயே பரிதாபக் குரலில் கேட்க வேண்டாம். அந்தக் கிராதியைத் தாமே தேர்ந்துகொண்டவர்கள் அவர்கள்.

நாளின் ஒழுங்கு

உங்கள் அறையில் ஒரு நேரப்பட்டியல் இருக்கும். அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மடத்துக்கு மடம் மணி மாறினாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். விடியலுக்கு முன்போ விடியும் வேளையிலோ வாசகச் செபம், அதையடுத்துக் காலைச் செபம், திருப்பலி, முற்பகல், நண்பகல், பிற்பகல் என்று மூன்று சிறு செபங்கள், மாலைச் செபம், படுக்கப் போகுமுன் இரவுச் செபம். திருப்பலியை விட்டு எண்ணிப் பார்த்தால் ஏழு. "ஒரு நாளைக்கு ஏழு முறை உம்மைப் புகழ்கிறேன்" என்ற 119ஆம் திருப்பாடலின் வரியைப் பிடித்துக்கொண்டுதான் 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கை வகுத்தார். நடுநிசியில் எழுந்து புகழ்வதற்கும் அதே பாடலில் ஒரு வரி இருக்கிறது, அதையும் அவர் விடவில்லை.

இந்த ஏழுக்கும் நடுவில்தான் தியானம், வேலை, படிப்பு, உணவு, உறக்கம் எல்லாம். மணி அடித்ததும் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட வேண்டும். தைத்துக்கொண்டிருக்கும் சகோதரி அந்த வரிசையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பதில்லை. ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்துவிடுகிறார். புதிதாக வருகிறவர்களுக்கு மிகக் கடினமானது இதுதான். மனம் செபத்தில் இலயித்திருக்கும்போதும் மணி அடிக்கும், மனமே இல்லாதபோதும் அடிக்கும். இரண்டு வேளையிலும் போக வேண்டும். நம் மனநிலையைக் கேட்டுக்கொண்டு செபிக்கும் பழக்கம் அங்கே மெல்ல மெல்ல உடைகிறது. அதற்கு இடம் கொடுங்கள்.

முதல் நாளே ஏழுக்கும் போக முயல வேண்டாம். காலைச் செபம், திருப்பலி, மாலைச் செபம், இரவுச் செபம் ஆகிய நான்கு போதும். இரண்டாம் நாள் நண்பகல் செபத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் பழகிய பிறகு விடியற்காலைக்கு எழலாம்.

புத்தகத்தைத் திறப்பது

இந்தச் செபங்கள் அடங்கிய திருப்புகழ்மாலை, பழைய வழக்கில் கட்டளைச் செபம், தடித்த புத்தகம். அதில் நாடாக்கள் தொங்கும். ஒரு நாடா திருவழிபாட்டுக் காலத்துக்கு, இன்னொன்று அந்த வாரத்துத் திருப்பாடல்களுக்கு, மூன்றாவது புனிதர் நாளுக்கு, நான்காவது இரவுச் செபத்துக்கு. இன்றைய முறையில் திருப்பாடல்கள் 4 வாரச் சுழற்சியில் வருகின்றன, எனவே உள்ளே போகுமுன் "இது எத்தனையாவது வாரம்?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் பாடி முடிக்கும் பழைய ஒழுங்கைக் காப்பாற்றிவரும் மடங்களும் உண்டு. அங்கே அவர்களுடைய தனிப் புத்தகத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

திருப்பாடல் எண்ணிலும் ஒரு சிக்கல் வரும். எபிரேய எண்ணும் பழைய இலத்தீன் எண்ணும் பெரும்பகுதியில் ஒன்று தள்ளிப்போகும். 51ஆம் திருப்பாடல் சில புத்தகங்களில் 50 என்று இருக்கும். இது தெரிந்திருந்தால் பதற வேண்டியதில்லை.

நாளின் முதல் செபத்தில், உதடுகளைத் திறந்தருளுமாறு வேண்டும்போது பெருவிரலால் உதட்டில் சிலுவை இடுவார்கள். மற்றச் செபங்கள் சிலுவை அடையாளத்தோடும் துணைக்கு விரைந்து வருமாறு கேட்கும் வேண்டுதலோடும் தொடங்கும். பிறகு பாடல், முன்மொழியோடு (திருப்பாடலுக்கு முன்னும் பின்னும் வரும் சிறு வரி) திருப்பாடல்கள், சிறு வாசகம், மறுமொழி. காலையில் செக்கரியாவின் பாடல், மாலையில் மரியாவின் பாடல், இரவில் சிமியோனின் பாடல் வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். "தந்தைக்கும் மகனுக்கும்" என்று தொடங்கும்போது தலைவணங்குவார்கள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாவிட்டால் எதிரில் இருக்கும் மூத்த சகோதரியைப் பாருங்கள், போதும்.

திருப்பாடலைப் பாடுவது எப்படி

மடத்து வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு செயலுக்குள் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன், எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

செபக்கூடத்தில் சகோதரிகள் இரண்டு அணியாக எதிரெதிரே அமர்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் ஒரு பத்தியைப் பாட, மறுபக்கம் அடுத்ததைப் பாடும். வரியின் நடுவில் ஒரு விண்மீன் குறி இருக்கும். அங்கே நிறுத்த வேண்டும். மூச்சு வாங்குவதற்காக மட்டும் அல்ல. எல்லாரும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்காகவும்தான். அந்த இடைவெளியில் எதுவும் நடக்காது. புதியவர்கள் அதைத் தாங்க முடியாமல் முந்திக்கொண்டு அடுத்த பாதிக்குப் பாய்ந்துவிடுவார்கள். முந்துகிற ஒரு குரல் போதும், இருபது குரல்களும் கலைந்துவிடும்.

எனவே முதல் இரண்டு செபங்களில் பாடாமல் கேளுங்கள். மூன்றாவதில் பக்கத்தில் இருப்பவரின் குரல் உங்கள் காதில் விழும் அளவுக்கு மட்டும் பாடுங்கள். அவர் குரல் கேட்கவில்லை என்றால் நீங்கள் உரக்கப் பாடுகிறீர்கள் என்று பொருள். அணியோடு தொடங்கி அணியோடு முடியுங்கள். கடைசி அசையை இழுக்க வேண்டாம். உங்களுக்கு அழகான குரல் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். வழிதவறிவிட்டால் பக்கத்தைப் புரட்டித் தேட வேண்டாம், தாளின் சரசரப்புதான் கேட்கும். நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தால் பாட்டு உங்களைத் தானாக வந்து சேர்த்துக்கொள்ளும்.

அங்கே முதுமையால் தாழ்ந்த குரலில் பாடும் சகோதரி இருப்பார், சுருதி சேராத சகோதரி இருப்பார், இருமலோடு வந்திருப்பவர் இருப்பார். விரைவு குறைந்தவரின் விரைவில்தான் கூட்டம் முழுவதும் போகிறது. செபக்கூடத்தில் இப்படி ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கப் பழகியவர்கள்தான் சமையலறையிலும் காத்திருக்கிறார்கள்.

பாடும் சொற்கள் உங்கள் அன்றைய மனத்தோடு ஒத்துப்போகாது. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்குரியது 88ஆம் திருப்பாடல். திருப்பாடல்களிலேயே மிக இருண்டது அது. ஆறுதல் ஏதும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பாடும்போது பொய் சொல்கிறோமோ என்று தோன்றும். அப்போது அந்தச் சொற்கள் யாருக்குத் தேவையோ அவர்களுக்காகப் பாடுகிறீர்கள். அன்றிரவு மருத்துவமனையில் கிடக்கும் ஒருவர், பிள்ளையை இழந்த ஒரு தாய், சிறையில் இருக்கும் ஒருவர். தியான மடங்கள் உலகத்துக்காகச் செபிக்கின்றன என்று சொல்வதன் நேரடிப் பொருள் இதுதான்.

மௌன மணி நேரம்

திருப்பாடல்கள் இல்லாத, சொற்கள் இல்லாத ஒரு மணி நேரம் புதியவர்களை அச்சுறுத்தும். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போகும், பிறகு முழங்கால் வலிக்கும், வீட்டு நினைவு வரும், தூக்கம் வரும். அவிலா தெரேசாவே பல ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் தியானத்துக்கு அமரத் துணியவில்லை. மணி எப்போது அடிக்கும் என்று கேட்டுக்கொண்டே நேரத்தைக் கடத்திய காலமும் தமக்கு இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். திருச்சபையின் மறைவல்லுநர் என்று போற்றப்படுபவரின் நிலையே இது.

எனவே ஒரு சிறு நற்செய்திப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து வசனங்களுக்கு மேல் வேண்டாம். மெதுவாக வாசியுங்கள். ஒரு சொல் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நின்று அதைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொல்லுங்கள். அதிலிருந்து பேசத் தோன்றினால் ஆண்டவரோடு பேசுங்கள். பேச்சு ஓய்ந்தால் சும்மா இருங்கள். கவனம் சிதறினால் மறுபடி வசனத்துக்கு வாருங்கள். வாசிப்பு, சிந்தனை, வேண்டல், ஆழ்நிலை அமைதி என்ற இந்த நான்கு படிகளையும் 12ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி வகுத்துவிட்டார். நான்காவது படி நம் முயற்சியால் வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் முடியும்வரை எழுந்து போகாதீர்கள். தூங்கிவிட்டாலும் இடத்திலேயே இருங்கள்.

உணவு, வேலை, மௌனம்

உணவறையில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் மௌனமாக உண்பார்கள். உப்பு வேண்டும் என்று கேட்கக்கூட வேண்டாத அளவுக்குப் பக்கத்தில் இருப்பவர் கவனித்துக்கொள்வார். நீங்களும் அப்படியே கவனியுங்கள்: பக்கத்தவரின் குவளை காலியாகிவிட்டதா, தட்டு எட்டுகிறதா? கார்மேல் மடமாக இருந்தால் புலால் இருக்காது. திருச்சிலுவை மகிமை விழாவான செப்டம்பர் 14 தொடங்கிப் பாஸ்கா (உயிர்ப்பு விழா) வரை, ஞாயிறு தவிர, அவர்கள் நோன்பு காக்கிறார்கள். விருந்தினருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தருவதை நன்றியோடு உண்ணுங்கள்.

ஓஸ்தி (திருப்பலிக்கான அப்பம்) சுடுவது, திருவுடை தைப்பது, மெழுகுவத்தி செய்வது, தோட்டம் பார்ப்பது என்று அவர்கள் உழைத்தே பிழைக்கிறார்கள். உங்களுக்கு ஏதேனும் வேலை தரச் சொல்லிக் கேளுங்கள். பாத்திரம் துலக்கவோ இலை பெருக்கவோ சொன்னால் பேசாமல் செய்யுங்கள்.

இரவுச் செபம் முடிந்ததும் பெருமௌனம் தொடங்கும். அந்தச் செபத்தின் கடைசியில் மரியன்னைக்கான பாடல், ஆண்டின் பெரும்பகுதியில் கிருபை தயாபத்துச் செபம், பாடப்படும். அதன் பிறகு மறுநாள் காலைச் செபம் வரை யாரோடும் பேச்சு இல்லை. கதவைச் சாத்துவதும் தண்ணீர்க் குழாயைத் திறப்பதும்கூட மெதுவாக. தேவை ஏதும் இருந்தால் இரவுச் செபத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சேர்ந்து வாழ்வது

மடங்கள் எப்போதும் மௌனத்தில் மூழ்கியிருக்கும் என்பது தவறான எண்ணம். கார்மேல் மடங்களில் நாளுக்கு இரண்டு முறை எல்லாரும் கூடிப் பேசிச் சிரிக்க நேரம் வைத்தவர் அவிலா தெரேசாவே. கைவேலை ஏதாவது வைத்துக்கொண்டு வட்டமாக அமர்வார்கள். சிரிப்பொலி வெளி அறை வரை கேட்கும். குடும்பம்போல ஒருவரையொருவர் அறிந்து வாழ வேண்டும் என்பதற்காக அவர் தொடக்கத்தில் 13 பேருக்கு மேல் வேண்டாம் என்றார். பிறகு 21 என்று எல்லை வகுத்தார். முடிவெடுப்பதிலும் எல்லாருக்கும் இடம் உண்டு. அசிசியின் கிளாரா எழுதிய ஒழுங்கின்படி மடத்தலைவி வாரம் ஒருமுறையாவது சகோதரிகளைக் கூட்டி, மடத்தின் நன்மைக்குரியவற்றை எல்லாரோடும் கலந்து பேச வேண்டும். சிறியவர்களுக்கே ஆண்டவர் பலமுறை சிறந்ததை வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் சொல்கிறார். அந்த ஒழுங்குக்குத் திருத்தந்தை 1253 ஆகஸ்ட் 9இல் ஒப்புதல் தந்தார், இரண்டு நாள் கழித்துக் கிளாரா இறந்தார்.

உரசல்களும் உண்டு. பிரான்சின் லிசியே கார்மேலில் 1888இல் தம் 15ஆம் வயதில் சேர்ந்த குழந்தை தெரேசா, மாலைத் தியானத்தில் தமக்குப் பின்னால் அமர்ந்த ஒரு சகோதரி ஓயாமல் எழுப்பிய சிறு ஓசையால் வியர்த்துப்போகும் அளவுக்குத் தவித்திருக்கிறார். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் ஓசை நின்றிருக்கும். அவர் திரும்பவில்லை. கேட்காமல் இருக்க முயன்றும் முடியாமல், கடைசியில் அதை ஓர் இன்னிசையாக எண்ணிக் கூர்ந்து கேட்டு, அந்தக் கச்சேரியை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். அன்று அவருடைய தியானம் முழுவதும் அதுவாகவே இருந்தது. உங்களுக்கும் அப்படி ஓர் ஓசை, ஒரு முகம், ஒரு பழக்கம் கட்டாயம் வந்து சேரும். விருந்தினராக மூன்று நாள் தங்குகிறவருக்கே அது வரும். அது வரும்போது தடை வந்துவிட்டது என்று எண்ணாமல், அன்றைய செபம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலைத்துத் தங்க விரும்பினால்

அவசரம் வேண்டாம், அவர்களும் அவசரப்பட மாட்டார்கள். திருப்பீடம் 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, விருப்பநிலை குறைந்தது 12 மாதம், முன்பயிற்சி குறைந்தது 12 மாதம், நவதுறவு (துறவுப் பயிற்சிக்காலம்) 2 ஆண்டு, முதல் வார்த்தைப்பாட்டுக்கு (துறவற வாக்குறுதிக்கு)ப் பின் 5 ஆண்டு. மொத்தத்தில் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் 9 ஆண்டுக்குக் குறையக் கூடாது, 12ஐத் தாண்டக் கூடாது. மடத்தலைவியோடு பேசும்போது உங்கள் கடன், குடும்பப் பொறுப்பு, உடல்நிலை, மனநிலை எல்லாவற்றையும் திறந்து சொல்லுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து வாழ உங்களால் முடிகிறதா என்பதை அவர்கள் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். மனிதர்களைத் தவிர்ப்பதற்காக வருகிறவர்களுக்கு அடைபட்ட மடம் பொருந்தாது, அங்கே தவிர்க்க இடமே இல்லை.

வீடு திரும்பிய பிறகு

மடத்து ஒழுங்கை அப்படியே வீட்டில் நிறுவ முயல வேண்டாம், ஒரு வாரத்தில் சோர்ந்துவிடுவீர்கள். இரவுச் செபத்திலிருந்து தொடங்குங்கள். அது சிறியது, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் புதிய திருப்பாடல் தேட வேண்டியதும் இல்லை. எந்த நாளிலும் ஞாயிற்றுக்குரிய திருப்பாடல்களையே சொல்லத் திருச்சபை அனுமதிக்கிறது. 91ஆம் திருப்பாடலையோ, 4ஐயும் 134ஐயும் சேர்த்தோ மனப்பாடம் செய்துகொண்டால் புத்தகமும் விளக்கும் தேவைப்படாது. அது நிலைத்த பிறகு காலைச் செபம், அதன் பிறகு மாலைச் செபம். இந்த இரண்டையும்தான் அன்றாடச் செபத்தின் இரு அச்சுகள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. வீட்டில் இன்னொருவர் சேர்ந்தால் இரண்டு அணியாகப் பத்தி மாற்றிச் சொல்லுங்கள், விண்மீன் குறியில் நிறுத்துங்கள்.

ஒரு வேளைச் செபம் விட்டுப்போனால் அதை அடுத்த வேளையில் இரட்டித்துச் சொல்ல வேண்டாம். அடுத்த வேளைக்கு உரியதை மட்டும் சொல்லுங்கள்.